பழைய சாலைச் சட்டத்தை ஒரு பத்திர எழுத்தர் படிக்கிற முறை

ஆந்திராவில் இருக்கும் நகரி என்ற ஊரில் 31 வருஷம் பத்திரம் எழுதினேன். வீட்டில் தமிழ், மேஜையில் தெலுங்கு, கட்சிக்காரர் கொண்டுவரும் மூலப்பத்திரத்தில் பழைய மெட்ராஸ் காலத்துத் தமிழோ ஆங்கிலமோ. மகள் கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறாள். அங்கே போய் ஆறு மாதம் தங்கியிருந்தபோது, ஊருக்கு வெளியே சாலைகளெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல ஓடுவதைப் பார்த்தேன். "இதை யார் போட்டது மாப்பிள்ளை, மண்ணை யார் வெட்டியது?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்குத் தேட ஆரம்பித்தவன் இன்னும் நிறுத்தவில்லை.

எனக்குத் தெரிந்தது பத்திரம் படிப்பது ஒன்றுதான். அந்த மாகாணத்தின் காலனி காலத்துச் சட்டங்களையும் அப்படியே படித்தேன், புரிந்தது. வரலாறு படிக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்காக அந்த முறையை எழுதுகிறேன்.

முதலில் தேதியைப் பிடியுங்கள். பழைய சட்டத்தின் தலைப்பில் பெரும்பாலும் ஆண்டு இருக்காது. "33 ஜார்ஜ் III, அத்தியாயம் 2" என்று இருக்கும். பிரிட்டிஷ் அரசர் மூன்றாம் ஜார்ஜின் 33ஆம் ஆட்சியாண்டு, அந்த ஆண்டுச் சட்டங்களில் இரண்டாவது என்று அர்த்தம். அவர் பட்டத்துக்கு வந்தது 1760 அக்டோபர் 25. அதோடு 32ஐக் கூட்டினால் 1792 அக்டோபரில் தொடங்கும் ஆண்டு கிடைக்கும். மேல் கனடா என்று அப்போது பெயர் கொண்ட ஒன்டாரியோவுக்காக இந்தச் சட்டம் இயற்றப்பட்டது 1793 கோடையில், நயாகரா ஆற்றங்கரையில் இருந்த நியூவார்க்கில். விக்டோரியா என்றால் 1837 ஜூன் 20இலிருந்து எண்ணுங்கள். "4 & 5 விக்டோரியா" என்று இரண்டு எண் இருந்தால் குழம்ப வேண்டாம்; சபை கூடியிருக்கும்போதே ஆட்சியாண்டு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்தது மூலம். தாய்ப்பத்திரம் பார்க்காமல் எந்தச் சொத்தையும் நான் எழுதியதில்லை. சாலைக்கும் அப்படித்தான்: சாலை போடும் முன் அந்த மண் யாருடையது? டொரோன்டோ நகரம் நிற்கும் நிலம் மிசிசாகா பூர்வகுடிகளுடையது. பிரிட்டிஷார் அதை 1787இல் வாங்கியதாகச் சொன்னார்கள். அந்தப் பத்திரத்தைச் சில ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்த்தால், எழுத வேண்டிய இடம் வெற்றாக இருந்தது. தலைவர்கள் மூவரின் குறிகள் தனித் துண்டுக் காகிதங்களில் இட்டு ஒட்டப்பட்டிருந்தன. எத்தனை ஏக்கர் என்று இல்லை, நான்கெல்லை இல்லை. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்குவது என்ன காரியம் என்று எங்கள் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரியும். 1794இல் மேலதிகாரிகளுக்கே இது தெரிந்திருந்தது. ஆனால் டொரோன்டோவிலிருந்து வடக்கே போகும் யங் ஸ்ட்ரீட் என்ற சாலையைப் போடும் வேலை அதே ஆண்டு தொடங்கிவிட்டது. 1805இல் 10 ஷில்லிங் கொடுத்து, 2,50,830 ஏக்கருக்குப் புதிதாக எழுதி வாங்கினார்கள். கனடா அரசு 14.5 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது 2010இல்தான். ஆகவே எந்தச் சாலைச் சட்டத்தை எடுத்தாலும், அந்த நிலத்தின் உடன்படிக்கையை முதலில் தேடிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது சட்டத்துக்குள் போகலாம். தொடக்கத்தில் ஒரு நீண்ட வாக்கியம் காரணம் சொல்லும். நம் கிரையப் பத்திரத்தில் "என்னவென்றால்" வருமே, அதுபோல. அதை ஒருமுறை படித்தால் போதும். உயிர் இருப்பது வினைச்சொற்களில். ஒரு வெற்றுத்தாளை மடித்து, மேலிருந்து கீழாக மூன்று பத்தி போடுங்கள்: யார் கூப்பிடுகிறார், யார் வேலை செய்கிறார், தண்டத்தை யார் விதிக்கிறார். "செய்யலாம்" என்று வருமிடம் ஒருவருக்கு அதிகாரம். "செய்ய வேண்டும்" என்று வருமிடம் இன்னொருவருக்குச் சுமை.

1793இன் இரண்டாம் அத்தியாயத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். மார்ச் மாதத்து முதல் திங்கட்கிழமை வீட்டுக்காரர்கள் கூட வேண்டும். எழுத்தர், வரி மதிப்பிடுபவர், வசூலிப்பவர், சாலைக் கண்காணிப்பாளர், மேயவிட்ட மாட்டைப் பிடித்து அடைக்கிறவர் இவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசி ஆள் நமக்குப் புதியவர் அல்ல. எங்கள் ஊரில் பவுண்டு என்போம், தெலுங்குக்காரர் பந்தெலதொட்டி என்பார்கள். படிக்கும்போது ஊராட்சி மலர்ந்துவிட்டதுபோல இருக்கும். ஆனால் உங்கள் தாளின் முதல் பத்தியைப் பாருங்கள். கூட்டத்தைக் கூட்டும் ஆணை சமாதான நீதிபதிகளுடையது. அவர்களை நியமிப்பவர் ஆளுநர். மாவட்டத்துப் பணம், சிறை, நீதிமன்றக் கட்டடம், சாலை எல்லாம் அந்த நீதிபதிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் அமர்வின் கையில். மக்கள் தேர்ந்தெடுத்தது வேலைக்காரர்களை, முடிவெடுப்பவர்களை அல்ல. துணை ஆளுநர் சிம்கோவுக்கு இந்தச் சிறு தேர்தல்கூடப் பிடிக்கவில்லை. பிரிட்டனை எதிர்த்துப் பிரிந்துபோன அமெரிக்கக் காலனிகளின் ஊர்க்கூட்டத்தை அது நினைவூட்டியது.

அதே ஆண்டு வந்த நான்காம் அத்தியாயம்தான் சாலைச் சட்டம். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 12 நாள் வரை கருவியோடு வந்து சாலையில் வேலை செய்ய வேண்டும். கூலி கிடையாது. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே கணக்கு என்பதால், சில ஆண்டுகளிலேயே சொத்து மதிப்பைப் பார்த்து நாட்களைக் கூட்டிக் குறைத்தார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு, அது இந்தச் சட்டத்தைப் பார்த்தால் தெரியாது. 1791 அரசியலமைப்புச் சட்டம் நிலத்தில் ஏழில் ஒரு பங்குக்கு ஈடாகப் புராட்டஸ்டன்ட் குருமாருக்கு ஒதுக்கியது. அந்த மனைகள் ஆளில்லாமல் காடாகக் கிடந்தன. முன்னால் ஓடும் சாலையை வெட்ட அங்கே யாரும் இல்லை. பக்கத்து மனைக்காரர் போட்ட சாலை அந்தக் காட்டில் போய் முட்டி நின்றது. ஒரே சட்டத்தோடு நிறுத்தாதீர்கள் என்பது இதற்காகத்தான்.

கீழ்க் கனடாவில், அதாவது இன்றைய கியூபெக்கில், 1796இல் சாலைச் சட்டம் வந்தபோது மக்கள் தெருவில் இறங்கிக் கலகமே செய்தார்கள். அது தனியாகப் படிக்க வேண்டிய கதை.

மூன்று பத்தித் தாளை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் வந்த சட்டங்களையும் அதில் ஏற்றுங்கள். 1841இன் மாவட்டக் கவுன்சில் சட்டத்தில் உறுப்பினர்கள் தேர்தலில் வருகிறார்கள். ஆனால் தலைவரையும் பொருளாளரையும் ஆளுநர்தான் நியமிக்கிறார். அங்கத்து அரசியல் தலைவர் ராபர்ட் பால்ட்வின் கொண்டுவந்த 1849ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம், 12 விக்டோரியா, அத்தியாயம் 81, மறு ஆண்டு ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அங்கேதான் முதல் பத்தியில் ஆளுநர் இருந்த இடத்துக்கு ஊர்க்காரர்கள் வருகிறார்கள். 1793இலிருந்து கணக்குப் போட்டால் 56 வருஷம்.

கை பழகியதும் நம் சட்டத்தை எடுங்கள். மெட்ராஸ் மாகாணத்துக்கான 1858ஆம் ஆண்டின் முதல் சட்டம், கட்டாய உழைப்புச் சட்டம். ஏரிக்கரை உடையும் ஆபத்து வந்தால் அதிகாரி ஊர்த்தலைவரிடம் சொல்வார். அவர் ஆட்களைத் திரட்ட வேண்டும். இரண்டாம் பத்தியில் யாரை எழுதுவீர்கள்? "உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த" உடல்வலுவுள்ள ஆண்கள் என்கிறது சட்டம். கனடாவில் சட்டம் வீட்டுக்காரர் எல்லோரையும் அழைத்தது. இங்கே யார் சேற்றில் இறங்க வேண்டும் என்பதை வகுப்பு பார்த்து எழுதிவைத்தது. அதே சட்டத்தில் குடிமராமத்தும் வரும். வழக்கப்படி செய்ய வேண்டிய ஏரிவேலையைத் தவிர்த்தவர், அந்த உழைப்பின் மதிப்பைப்போல இரு மடங்கு கட்ட வேண்டும்.

எங்கள் ஏரியில் வண்டல் அள்ளியவர்களின் பேரன்கள் இன்னும் கரைக்குக் கீழேதான் குடியிருக்கிறார்கள். சட்டத்தைப் படித்துவிட்டு அவர்களிடம் போய் உட்காருங்கள். மதகுக்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் போனார்கள், வீட்டுக்கு எத்தனை பேர், போகாதவர் யார் என்று கேளுங்கள். கேட்டதை அதே தாளில், அதே மூன்று பத்தியில் எழுதுங்கள்.