ஈபி போனதும் தானாக ஜெனரேட்டருக்கு மாற: சிறு மருத்துவமனைக்கு ஏடிஎஸ் அமைக்கும் முறை

கரண்ட் போனதும் ஜெனரேட்டர் அறைக்கு ஓடி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, ஈபியிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் கைப்பிடியைத் திருப்ப ஒரு ஆள் வேண்டும். பல சிறு மருத்துவமனைகளில் இன்றும் இப்படித்தான் நடக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அந்த ஆள் தூங்கிப்போனால், பிரசவ அறையும் ஐசியூவும் அவர் எழுந்து வரும்வரை இருட்டில் கிடக்கும். இந்த வேலையைத் தானாகச் செய்வதுதான் ஏடிஎஸ், அதாவது ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச். மருத்துவமனை நடத்துபவர்களும் பராமரிப்பைப் பார்ப்பவர்களும் எலக்ட்ரீஷியனிடம் சரியான கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். ஒயரிங் வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும். மின் வாரியத்துக்கும் தெரியப்படுத்த வேண்டும்.

முதலில் ஒரு விஷயம். ஏடிஎஸ் போட்டால் கரண்ட் துளியும் தடைபடாது என்று நம்பிவிடாதீர்கள். ஈபி போனதை உறுதி செய்து, ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகி, வோல்டேஜ் நிலைப்பட்டு, லோடு, அதாவது கரண்ட் எடுக்கும் கருவிகள், மாறுவதற்குப் பத்து, பதினைந்து விநாடி ஆகும். வென்டிலேட்டர், மானிட்டர், ஆபரேஷன் விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் அந்த நேரத்தை யூபிஎஸ்ஸிலோ அவற்றின் சொந்த பேட்டரியிலோதான் தாண்ட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஏற்பாடு முழுமை.

படி 1: எது அவசியம் என்று பிரியுங்கள்

ஒரு தாளில் எல்லாக் கருவிகளையும் எழுதி, அவசியமானவற்றுக்குத் தனி டிபி (கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வைக்கச் சொல்லுங்கள். ஏடிஎஸ் அந்த டிபிக்கு மட்டும் போதும். வரவேற்பறை ஏசியும் வெந்நீர் ஹீட்டரும் அதில் வேண்டாம்.

25 கேவிஏ, மூன்று பேஸ், 415 வோல்ட் ஜெனரேட்டர் என்றால் ஒரு பேஸுக்குச் சுமார் 35 ஆம்பியர்தான் தரும். 5 எச்பி தண்ணீர் மோட்டார் ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர் எடுக்கும். ஆனால் நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் அந்தக் கணத்தில் ஏறக்குறைய ஆறு மடங்கு இழுக்கும். அந்த ஒரு இழுப்பில் ஜெனரேட்டர் திணறி வோல்டேஜ் விழும். அதனால் மோட்டாரை அவசிய டிபியில் வைத்தே ஆக வேண்டுமென்றால், மற்ற லோடெல்லாம் ஏறி ஒரு நிமிடம் கழித்துக் கிளம்பும்படி டைமர் போடுங்கள்.

ஏடிஎஸ்ஸின் ஆம்பியரை ஜெனரேட்டரை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஈபி பக்கம் 63 ஆம்பியர் பிரேக்கர் இருந்தால் சுவிட்சும் குறைந்தது 63 ஆம்பியர் தாங்க வேண்டும்.

படி 2: சுவிட்சைத் தேர்ந்தெடுங்கள்

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, இரண்டு காண்டாக்டர்களை (காந்தக் காயிலால் இயங்கும் சுவிட்சுகள்), ஒன்று சேர்ந்தால் மற்றது சேராதபடி இண்டர்லாக் செய்த பேனல். இன்னொன்று மோட்டார் வைத்த சேஞ்ச்ஓவர். காண்டாக்டரின் காயிலுக்குக் கரண்ட் இருந்துகொண்டே இருந்தால்தான் அது பிடித்து நிற்கும். மோட்டார் வகை ஒரு பக்கம் திரும்பிவிட்டால் கரண்ட் இல்லாமலும் அங்கேயே நிற்கும். எப்போது மாற வேண்டும் என்று முடிவு செய்யும் கன்ட்ரோலர் பழுதானாலும் கைப்பிடி போட்டுத் திருப்பலாம். மருத்துவமனைக்கு நான் மோட்டார் வகையைத்தான் சொல்வேன். ஐஈசி 60947-6-1 தரக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரத்தில் பிசி வகுப்பு என்று போட்டிருந்தால், சுவிட்ச் ஷார்ட் சர்க்யூட்டைத் தானே துண்டிக்காது. இரண்டு பக்கமும் தனியாக எம்சிசிபி (பெரிய கரண்டையும் தாங்கும் பிரேக்கர்) வைக்க வேண்டும்.

எந்த வகையானாலும் மெக்கானிக்கல் இண்டர்லாக் கட்டாயம். ஈபியும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேரவே முடியாதபடி உள்ளே இரும்பாலேயே ஒரு தடை இருக்க வேண்டும். அது இல்லையென்றால் உங்கள் ஜெனரேட்டரின் 415 வோல்ட் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குள் பின்னால் ஏறும். அது மறுபக்கம் 11,000 வோல்ட்டாக வெளியே போகும். லைன் ஆஃப் ஆகிவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய ஊழியரின் உயிர் அங்கேயே போய்விடும். விலை குறைவு என்று இண்டர்லாக் இல்லாத பேனலை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

படி 3: நியூட்ரலையும் கேளுங்கள்

மூன்று பேஸுக்கு 3 போல் சுவிட்ச், அதாவது மூன்று பேஸ் ஒயரை மட்டும் மாற்றும் சுவிட்ச், போதும் என்று பலரும் சொல்வார்கள். ஜெனரேட்டரின் நியூட்ரலுக்குத் தனி எர்த் போட்டிருந்தால் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் 4 போல் சுவிட்ச் வேண்டும். 3 போல் போட்டால் இரண்டு நியூட்ரலும் எப்போதும் இணைந்தே இருக்கும். கரண்ட் தவறான வழியில் திரும்பி, கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி காரணமில்லாமல் டிரிப் ஆகும். நியூட்ரல் போல் கடைசியாகப் பிரிந்து, முதலில் சேரும்படி இருப்பதே நல்லது. பேஸ் இருக்கும்போது நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் கருவிக்கு 400 வரை ஏறி எரிந்துவிடும்.

படி 4: இணைப்பு

இரு பக்கத்தையும் ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, டெஸ்டரில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்த பிறகே பேனலைத் திறக்க வேண்டும். ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆகிவிடாதபடி அதன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும் அவசியம்.

இரு பக்கமும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒரே வரிசையில் வர வேண்டும். வரிசை மாறினால் ஜெனரேட்டரில் ஓடும்போது மோட்டார் தலைகீழாகச் சுற்றும். லிஃப்ட் நின்றுவிடும். நிறத்தை மட்டும் நம்பாமல் பேஸ் சீக்வென்ஸ் மீட்டர் வைத்துப் பாருங்கள். ஜெனரேட்டருக்கு ஸ்டார்ட் சொல்லும் இரண்டு ஒயரில் வெளி வோல்டேஜ் எதுவும் வரக் கூடாது. பவர் கேபிளோடு சேர்க்காமல் தனிக் குழாயில் கொண்டுபோங்கள்.

படி 5: நேரம் அமைத்தல்

ஈபி ஒரு கணம் சிமிட்டினாலே ஜெனரேட்டர் ஓடக் கூடாது. அதனால் ஒரு பேஸின் 230 வோல்ட் 195க்குக் கீழே போய் 2 அல்லது 3 விநாடி அப்படியே இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி வையுங்கள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறும்போது நடுவில் ஒரு விநாடி நிறுத்தம் நல்லது. ஓடிக்கொண்டிருந்த மோட்டாரில் மீதமிருக்கும் வோல்டேஜ் அடங்க அந்த நேரம் தேவை. ஈபி திரும்பியதும் உடனே மாறாமல் 5 நிமிடம் காத்திருக்கட்டும். வந்த கரண்ட் மறுபடி போவது நம் ஊரில் சாதாரணம். லோடு இறங்கிய பிறகு இன்ஜின் 3 நிமிடம் வெறுமனே ஓடிக் குளிர வேண்டும்.

படி 6: சோதனை

ஆபரேஷன் இல்லாத நேரம் பார்த்து, எல்லாருக்கும் சொல்லிவிட்டு, ஈபி மெயினை ஆஃப் செய்யுங்கள். போனில் ஸ்டாப்வாட்ச் ஓடட்டும். விளக்கு மீண்டும் எரிய எத்தனை விநாடி ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு பேஸாக எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். மலிவான கன்ட்ரோலர் சில, ஒரு பேஸை மட்டுமே கவனிக்கும். மற்ற இரண்டில் ஒன்று போனால், ஈபி இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும். தடுப்பூசி பிரிட்ஜ் அந்தப் பேஸில் இருந்தால், விடியும்வரை யாருக்கும் தெரியாமல் சூடேறிக்கொண்டிருக்கும்.

பிறகு மாதம் ஒருமுறை லோடோடு அரை மணி நேரம் ஓட்டுங்கள். லோடே இல்லாமல் ஓட்டினால் எரியாத டீசல் புகைக்குழாயில் கரியாகப் படியும். ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகாமல் போவதற்குப் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். அதன் சார்ஜரை அவசிய டிபியிலேயே இணைத்து, டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்து, ஒவ்வொரு சோதனையின்போதும் வோல்டேஜை எழுதி வையுங்கள்.