படம் வரைந்து கொடுத்தீர்களா? கூடவே இந்தச் சின்னப் பரிசையும் கொடுங்கள்

நாகர்கோவிலில் உருவப்படம் வரைந்து கொடுக்கத் தொடங்கிய புதிதில், படத்தோடு அரைக் கிலோ ஏத்தங்காய் சிப்ஸும் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாங்கியவர்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் சிப்ஸ் இரண்டே நாளில் தீர்ந்துவிடும். கவரில் இருந்ததோ கடையின் பெயர். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் "இது எங்க வாங்கினது?" என்று கேட்டதும் சிப்ஸைத்தான். அந்தக் கடைக்காரர்தான் எனக்கு ஏதாவது பரிசு கொடுத்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம்தான் புத்தி வந்தது. நாம் கொடுக்கும் பரிசு இன்னொரு ஆர்டரைக் கூட்டிவர வேண்டுமென்றால், அதில் நம் கைவேலை தெரிய வேண்டும். அது வாங்கியவர் வீட்டோடு நின்றுவிடாமல் வேறு வீடுகளுக்கும் போக வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து நான் கண்ட வழி, வரைந்த படத்தின் சிறு பிரதிகள். இது ஒன்றும் புது யோசனை இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டம் முன்பு இருந்த அதே திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஓவியர் ரவிவர்மா, 1894-ல் மும்பையில் அச்சகம் வைத்தார். அவர் பெயர் சாதாரண வீடுகளுக்குள் போனது அங்கே அச்சான மலிவுப் படங்களால்தான். நமக்கு அச்சகம் வேண்டாம், பக்கத்து போட்டோ ஸ்டுடியோ போதும்.

படி 1: ஆர்டர் வாங்கும்போதே இரண்டு கேள்வி

எனக்கு வருவதில் பாதிக்கு மேல் இறந்துபோன அப்பா, அம்மா, தாத்தா படங்கள். காசு கொடுப்பது ஒரு மகன். ஆனால் அந்த முகத்தைப் பார்க்க ஏங்குகிறவர்கள் தக்கலையில் ஒருவர், சென்னையில் ஒருவர், துபாயில் ஒருவர் என்று இருப்பார்கள். அதனால் முதல் கேள்வி: "கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" அந்த எண்ணிக்கைதான் பிரதிகளின் எண்ணிக்கை.

இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை: "சின்னதா பிரிண்ட் போட்டுத் தரட்டுமா? இன்ஸ்டாகிராமில் போடலாமா?" 1957-ஆம் ஆண்டு காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காப்புரிமையின் முதல் உரிமையாளர் அவர்தான். வரைந்த நாம் இல்லை! பரிசாகவே கொடுத்தாலும் கேட்காமல் பிரதி எடுக்கக் கூடாது. சம்மதத்தை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: படத்துக்குச் சட்டம் (ஃபிரேம்) போடுவதற்கு முன் ஸ்கேன்

கண்ணாடி போட்டபின் எடுத்தால் டியூப்லைட்டும் உங்கள் தலையும் சேர்ந்து விழும். பென்சில், கரிப் படமானால் ஃபிக்ஸேட்டிவ் (கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்பிரே) அடித்து நன்றாக உலர்ந்தபின் ஸ்கேனரில் வையுங்கள். இல்லையென்றால் கரி கண்ணாடியில் ஒட்டும். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். 4×6 அங்குலப் பிரிண்ட்டுக்கு 1200×1800 பிக்சல்தான் தேவை. ஏ3 படம் வீட்டு ஸ்கேனருக்குள் அடங்காது. அதைத் திண்ணை நிழலில், நேர்வெயில் படாமல், போனைப் படத்துக்கு நேராகப் பிடித்து எடுங்கள்.

படி 3: பிரிண்ட், பின்பக்கம்

4×6, மேட் தாள். பளபளப்புத் தாளில் பென்சில் படம் ஜெராக்ஸ் மாதிரி தெரியும், எனக்குப் பிடிப்பதில்லை. பின்பக்கம் உங்கள் பெயர், போன் எண், வரைந்த மாதம், வருடம். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அழுத்தம் முன்பக்கம் முகத்தில் தெரியும். சிடி மார்க்கரில் எழுதி, மை காய்ந்தபின் அடுக்குங்கள். முன்பக்கம் போன் எண் போடவே போடாதீர்கள். அம்மாவின் கன்னத்துக்குக் கீழே நம் மொபைல் எண் இருந்தால் அந்தப் படத்தை யார் பர்ஸில் வைப்பார்கள்?

படி 4: கூடவே ஒரு "மழைக்காலப் பொட்டலம்"

இது என் சொந்தச் சரக்கு. இங்கே ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு மழையும் உண்டு. கடலோர வீடுகளில் உப்புக்காற்று வேறு. சுவர் ஈரம் ஏறித் தாளில் பூஞ்சை பிடிக்கும், ஆணி துருவேறும். அதனால் ஒரு சின்னக் கவரில் துருப்பிடிக்காத ஸ்டீல் கொக்கி ஒன்று, சட்டத்தின் கீழ் மூலைகளில் ஒட்ட இரண்டு ரப்பர் பொட்டு, கையால் எழுதிய ஒரு அட்டை. பொட்டு ஒட்டினால் சட்டம் சுவரோடு ஒட்டாமல் பின்னால் காற்று போகும். அட்டையில் நான் எழுதுவது இவ்வளவுதான்:

"அப்பா படத்தை எங்கிட்ட வரையத் தந்ததுக்கு நன்றி. வெளிச்சுவரில் மாட்டாதீங்க, மழைக்கு ஈரம் இழுக்கும். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம்."

விசிட்டிங் கார்டைத் தூக்கிப் போடுவார்கள். இந்த அட்டையைச் சட்டத்தின் பின்னாலேயே செருகி வைத்திருப்பதை இரண்டு மூன்று வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் பனையோலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் அழகு. பிரதிகள் தீர்ந்தபின்னும் பெட்டி வீட்டில் இருக்கும். செலவைப் பொறுத்தவரை, படக் கூலியில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் நான் போவதில்லை. 2,500 ரூபாய்ப் படத்துக்கு 125 ரூபாய். பெட்டி அதற்குள் அடங்காவிட்டால் காகிதக் கவர் போதும்.

படி 5: எப்போது கொடுப்பது

மீதிப் பணம் வாங்கியபின்தான். முன்னால் கொடுத்தால் பேரம் பேசத் தடவிக் கொடுப்பது போல இருக்கும். பால்காய்ச்சு வீடு, கல்யாண வீடு என்றால் நாலு பேர் முன்னால் கொடுக்கலாம், கூட முந்திரிக்கொத்துப் பலகாரமும் வைக்கலாம். துக்க வீட்டில் அது எதுவும் வேண்டாம். பிரதிகளைச் சாதாரணக் கவரில் போட்டு, "அண்ணன் தம்பிமாருக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வளைகுடாவில் இருப்பவர் ஊருக்கு வந்திருந்தால் பிரிண்ட் மட்டும் போதும். விமானத்தில் கொண்டுபோகும் பெட்டியில் ஏற்கெனவே எடை தாண்டித்தான் கட்டியிருப்பார்.

"ஆள் கூட்டிவந்தால் பத்து சதவீதம் தள்ளுபடி" என்று கவரில் எழுதலாமா என்று ஒரு தம்பி கேட்டான். நான் எழுத மாட்டேன். இறந்த அப்பா படத்தை வைத்து யாரும் கமிஷன் பார்க்க விரும்ப மாட்டார்கள்.

படி 6: ஆள் வந்தபிறகு

புதிதாக வருபவரிடம் "யார் சொன்னாங்க?" என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். சொன்னவருக்கு அந்த வாரமே போன் போட்டு நன்றி சொல்லுங்கள். இரண்டாவது ஆளையும் அனுப்பினால், அவர் பிள்ளையின் முகத்தை 5×7 அங்குலத்தில் பென்சிலில் வரைந்து கொடுங்கள். இரண்டு மணி நேர வேலை. எதற்கு என்று அவர் கேட்டால், "சும்மாதான்" என்று சொன்னால் போதும்.

யாரையும் அனுப்பாதவர்களை விட்டுவிடாதீர்கள். மழை முடிந்து ஜனவரியில் ஒருமுறை கூப்பிட்டு, "படத்துக்குள்ள பூஞ்சை ஏதும் இருக்கா?" என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடியைக் கழற்றி, மெல்லிய உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, சட்டத்துக்குள் படத்தோடு வைக்கும் மவுண்ட் அட்டையை மாற்றிக் கொடுங்கள். அட்டைக்கு மட்டும் காசு வாங்கிக்கொள்ளலாம்.