குளிர் தாங்குகிற கற்றாழை கார்த்திகை மழையில் செத்த கதை

அகேவ் பாரியி என்ற செடியை ஆன்லைனில் வாங்கும்போது ‘மைனஸ் 20 டிகிரி வரை தாங்கும்’ என்று போட்டிருந்தார்கள். கீழக்கரைப் பக்கம் குடியிருக்கிற எனக்கு மைனஸ் டிகிரி எதற்கு என்று அன்றைக்குத் தோன்றவில்லை. பனியையே தாங்குகிற செடிக்கு நம்ம ஊர் எம்மாத்திரம் என்று மொட்டை மாடியில் வைத்தேன், கார்த்திகையில் போய்விட்டது.

தப்பு அந்த நினைப்பில்தான். இது அரிசோனா, நியூ மெக்சிகோ மலைச்சரிவுகளில் பாறை இடுக்கில் வளர்கிற செடி. அங்கேயும் மழை உண்டு, ஆனால் பெய்த தண்ணீர் நிற்காமல் வடிந்து வேர் சீக்கிரம் காய்ந்துவிடும். வேர் காய்ந்திருந்தால்தான் அந்தக் குளிரையும் தாங்கும், ஈரத்தில் நின்றால் சொந்த ஊரிலேயே அழுகும். நமக்கோ வறண்ட மாவட்டம் என்று பேர், ஆனால் வருஷ மழையில் பாதிக்கு மேல் ஐப்பசியை ஒட்டிய அந்த மூன்று மாதத்தில் கொட்டுகிறது. ராத்திரியும் வெதுவெதுப்பு, காற்றில் பிசுபிசுப்பு. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

அழுகல் வெளியே தெரியாது என்பதுதான் கொடுமை. அடி இலை ஒன்றிரண்டு காய்வது சாதாரணம், அதைப் பார்த்துப் பயந்து தண்ணீர் ஊற்றினேன். நடுக்குருத்து கொஞ்சம் மங்கலாக இருக்கிறதே என்று விரலால் பிடித்தேன், இழுக்கக்கூட இல்லை, கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்பாகக் கொழகொழவென்று, கருவாடு ஊறின தண்ணீர் மாதிரி நாற்றம்.

இப்போது வைத்திருக்கிற செடியைப் புரட்டாசி முடிவதற்குள் தொட்டியோடு தெற்குப் பக்கம் சன்ஷேடுக்கு அடியில் கொண்டுபோய்விடுகிறேன். வாடைக்காற்றோடு வருகிற சாரல் அங்கே அடிக்காது, வெயிலும் கிடைக்கும். தை பிறக்கும்வரை, மண் அடிவரை காய்ந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர். தரையில்தான் நடுவேன் என்றால் ஒரு அடிக்கு மேடு கட்டி, செடியைச் சற்றே சாய்த்து நடுங்கள், குருத்துக்குள் தண்ணீர் தேங்காது.

‘குளிர் தாங்கும்’ என்பதைக் ‘குளிர் வேண்டும்’ என்று எடுத்துக்கொண்டு ஏசி அறையில் வைக்கிறவர்களும் உண்டு. வெளிச்சம் இல்லாமல் இலை வெளிறி, நீண்டு, கட்டுக்கோப்பே போய்விடும். அதற்காகக் கடையில் நிழல்வலைக்குக் கீழே இருந்த செடியை நேரே சித்திரை வெயிலில் வைக்காதீர்கள், இலை வெள்ளையாக வெந்துவிடும், அந்தத் தழும்பு மாறாது. காலை வெயிலில் ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் பழக்குங்கள்.

மண் விஷயத்தில் நம் கடற்கரைக்காரர்கள் செய்வது ஒன்றுதான்: பாலைவனச் செடி, மணல் போதும் என்று கடல் மணலை அள்ளிப் போடுவது. அது பொடியாக இறுகும், உப்பும் உண்டு. பாதிக்கு உடைத்த செங்கல் அல்லது சரளை, மிச்சத்தில் ஆற்று மணலும் கொஞ்சம் செம்மண்ணும் போதும். முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசல் மண் வேண்டவே வேண்டாம், ஈரத்தை விடாது. தொட்டியும் செடியை விடச் சற்றே பெரிதாக, மண் தொட்டியாக இருக்கட்டும். போர் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தொட்டிக்கு வெளியே வெள்ளை பூத்தால் உள்ளேயும் உப்பு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஆர்ஓ கழிவுத் தண்ணீர் அதை விட மோசம். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் கோடைக்கு ஆகும், பத்து நாளைக்கு ஒரு சொம்பு, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அத்தை, “ரயில் கற்றாழைதானே இது, இதுக்குப் போயி காசா?” என்று கேட்டார். இரண்டும் அகேவ் வகைதான், அதில் தப்பில்லை. ஆனால் சோற்றுக்கற்றாழை என்று நினைத்து முகத்தில் தேய்த்துவிடாதீர்கள், இதன் சாற்றில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் இருக்கிறது, நமைச்சல் எடுத்துவிடும்.

பக்கக்கன்று நாலு விரல்கடை வளரும்வரை பிரிக்க வேண்டாம். பிரித்தால் வெட்டுவாய் காய ஒரு வாரம் நிழலில் போட்டுவிட்டு நடுங்கள், நடுகிற வாரம் மழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.