காஸ்மோடியரில் முதல் கப்பல் கட்டுகிறவர்களுக்கு

காஸ்மோடியர் என்ற விண்கலம் கட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பீரங்கியைத்தான் வைக்கிறார்கள். மிச்ச இடத்தில் மற்றதையெல்லாம் திணிக்கிறார்கள். நான் சொல்வது நேர் எதிர் வழி. முதலில் ஆள், அடுத்து அந்த ஆள் நடக்கிற வழி, பீரங்கி கடைசியில்.

நான் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் நிற்கும், எங்களுக்கு வேலை குவியும். பகலெல்லாம் இன்ஜினைப் பிரித்து மாட்டிவிட்டு, ராத்திரி சாப்பிட்டதும் லேப்டாப்பில் உட்கார்ந்தால் இந்த விளையாட்டுதான். 2022-ல் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வந்தது. விண்கலத்தைக் கட்டம் கட்டமாக, அறை அறையாக நாமே கட்ட வேண்டும். ஆள் சேர்க்க வேண்டும், அப்புறம் சண்டைக்குப் போக வேண்டும்.

இதை மற்ற விண்வெளி விளையாட்டுகளிலிருந்து பிரிக்கிற விஷயம் ஒன்று உண்டு. ரியாக்டரில் உண்டாகும் மின்சாரம் வயரில் ஓடாது. ஆட்கள் அதை பேட்டரியாகக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துபோய் சுடுகிற லேசரிலும், குண்டைத் தடுக்கிற ஷீல்டிலும், கப்பலைத் தள்ளுகிற த்ரஸ்டரிலும் போட வேண்டும். பீரங்கிக்குக் குண்டும் அப்படித்தான், சேமிப்பு அறையிலிருந்து ஆள் சுமந்து வர வேண்டும். படகில் ஐஸ் ஒரு கோடியிலும் மீன் கொட்டுகிற இடம் இன்னொரு கோடியிலும் இருந்தால், நடுவில் நடக்கிறவனுக்கு நடையே வேலையாகிவிடும். இங்கேயும் அதே கதைதான்.

தங்கச்சிமடத்திலிருந்து அக்கா மகன் ஒருநாள் அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "லேசர் நிறைய வச்சிருக்கேன் மாமா, கொஞ்ச நேரம் சுட்டுட்டு அப்படியே நின்னுடுது. என்னன்னே தெரியல."

"பேட்டரி தூக்க எத்தனை பேர் இருக்காங்க மருமகனே?"

அவன் பதில் சொல்லவில்லை. சண்டையை அப்படியே உறைய நிறுத்தி, அதாவது பாஸ் போட்டு, நன்றாகக் கிட்டே போய்ப் பார்த்தோம். கட்டுப்பாட்டு அறைக்கும் லேசர்களுக்கும் ஆள் உட்கார்ந்தது போக, தூக்குவதற்கு மிஞ்சியது ஒரே ஒருத்தன். ரியாக்டர் கப்பலின் வாலில், லேசர்கள் மூக்கில். நடுவில் சேமிப்பு அறைகளைச் சுற்றிச் சுற்றிப் போகிற ஒரு நடைபாதை. பாஸை எடுத்துவிட்டு அந்த ஒருத்தனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். பேட்டரியை எடுக்கிறான், இடதுபக்கம் திரும்புகிறான், சேமிப்பு அறையைச் சுற்றுகிறான், மறுபடி வலதுபக்கம். முதல் லேசரில் அதை வைத்துவிட்டு வந்த வழியே திரும்புகிறான். அவன் ரியாக்டருக்கு வந்து சேர்வதற்குள் மற்ற லேசர்கள் எல்லாம் காலி. அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை, வழிதான் அப்படி.

நாங்கள் செய்த மாற்றம் இதுதான். நாலு லேசரைக் கழற்றினோம். சேமிப்பு அறைகளை ஓரத்துக்கு நகர்த்தி, ரியாக்டரிலிருந்து லேசர் வரிசைவரை வளைவில்லாமல் ஒரே நேர் நடைபாதை போட்டோம். ரியாக்டரை வாலிலிருந்து எடுத்து நடுவுக்குக் கொண்டுவந்தோம். பக்கத்திலேயே ஆறு பேர் தங்கும் அறை ஒன்று. கதவு எங்கெங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு சுவராகப் பார்த்தோம். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், ஒரு கதவு விட்டுப்போனால் ஆள் ஊரைச் சுற்றி வருவான். லேசர் பாதியாகக் குறைந்தும் அந்தக் கப்பல் முன்னைவிட அதிகமாகச் சுட்டது.

ரியாக்டரை லேசர்களுக்கு இன்னும் ஒட்டினாற்போல வைக்கலாமே என்று தோன்றும். ரியாக்டர் உடைந்தால் வெடிக்கும், சுற்றியுள்ள அறைகளையும் சேர்த்துக் கொண்டுபோகும். எதிரி குண்டு முதலில் விழுவது மூக்கில்தான். ஆகவே தூக்குகிறவனுக்குக் கிட்டவும் வேண்டும், குண்டுக்கு எட்டவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இடம் கண்டுபிடிப்பதுதான் இந்த விளையாட்டில் கப்பல் கட்டுகிற வேலையே. எனக்கு இதில்தான் ருசி. கட்டுப்பாட்டு அறையும் அதே மாதிரி உள்ளே ஆழத்தில் இருக்கட்டும், அது போனால் கப்பல் உங்கள் பேச்சைக் கேட்காது.

ஆள் தங்கும் அறைகள் மூன்று அளவில் உண்டு: 2 பேருக்கு, 6 பேருக்கு, 24 பேருக்கு. பெரிய அறை ஒன்றைக் கட்டி எல்லோரையும் அதிலேயே போடுவது சுலபம். ஆனால் வேலை இல்லாதபோது ஆட்கள் அறைக்குத் திரும்பிவிடுவார்கள், சண்டை வந்ததும் அங்கிருந்துதான் புறப்பட்டு வருவார்கள். அதனால் முதல் கப்பலுக்கு ஆறு பேர் அறையே போதும். ஒன்று லேசர் பக்கம், ஒன்று த்ரஸ்டர் பக்கம். அந்தந்த அறைக்காரர்களுக்கு எந்த வேலை, எதற்கு முதலிடம் என்று பொறுப்பைப் பிரித்துவிடுங்கள். லேசர் பக்கத்து ஆள் வால்வரை ஓடி த்ரஸ்டருக்கு பேட்டரி போடுகிற கூத்து அதோடு நிற்கும்.

த்ரஸ்டரில் ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. நெருப்பு கக்கும் பக்கம் காலியாக இருக்க வேண்டும். முன்னால் தள்ளுவதற்கு மட்டும் வைத்துவிட்டுப் பின்னால் போவதற்கு வைக்காமல் விடாதீர்கள். மூக்கை எதிரியின் பக்கமே வைத்துக்கொண்டு, சுட்டுக்கொண்டே பின்வாங்க முடிந்தால் பாதிச் சண்டை உங்கள் பக்கம். எடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் கப்பல் நேராகப் போகத் திணறும், இரண்டு பக்கமும் ஒத்துப்போகக் கட்டுங்கள்.

கவசத்தை மூக்கில் அடுக்குங்கள், ஓரங்களைச் சாய்வாக விடுங்கள். கவசத்துக்குள் ஆள் நடக்க முடியாது என்பதை மறக்க வேண்டாம். ஷீல்டு நல்லதுதான், ஆனால் அதுவும் பேட்டரி தின்னும். ஒரு ஷீல்டு வைத்தால் அதற்கும் தூக்க ஆள் இருக்கிறானா என்று எண்ணிவிட்டு வையுங்கள்.

காசு விஷயம். ஆரம்பத்தில் தலைக்கு விலை வைத்த சின்னச் சின்னக் கொள்ளைக் கப்பல்களை மட்டும் தேடிப் போங்கள். புகழ் ஏற ஏறத்தான் கூடுதல் ஆளைச் சேர்க்க முடியும், ஆகவே ஆளில்லாமல் பெரிய கப்பல் கட்டிப் பிரயோஜனம் இல்லை. அடித்து உடைத்த கப்பலின் இரும்பையும் மற்றதையும் விடாமல் அள்ளுங்கள், அடுத்த அறைக்கு அதுதான் முதலீடு.

எங்கள் பக்கம் கடற்கரையில் விளையாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவனின் நடையையும் கம்ப்யூட்டர் கணக்குப் போட வேண்டியிருப்பதால் லேப்டாப் சூடேறும். உப்புக்காற்று விசிறியைச் சும்மா விடாது. ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள், விசிறியை அவ்வப்போது திறந்து துடையுங்கள். கரண்ட் போகிற நேரம் தெரிந்தால் அதற்கு முன்னால் சேவ் செய்துவிடுங்கள்.

கட்டி முடித்ததும் நேரே பிழைப்புக்கு இறக்காதீர்கள். காசுக் கணக்கு இல்லாத கட்டுமானப் பகுதியில் எதிரே ஒரு கப்பலை நிறுத்தி மோதவிடுங்கள். ஜெயிக்கிறதா என்று பார்க்க வேண்டாம். சண்டை நீள நீள, மின்சாரம் இல்லை என்ற குறி எந்த லேசரின் மேல் முதலில் விழுகிறது என்று பாருங்கள். பாஸ் போட்டு, அங்கிருந்து ரியாக்டர்வரை விரலால் வழியைத் தொட்டுக்கொண்டே வாருங்கள். எங்கே வளைகிறதோ அங்கே இடித்துக் கட்டுங்கள். மறுபடி மோதவிடுங்கள்.

கப்பல் தேறிவிட்டால் கூட்டாளிகளுக்கு அனுப்பலாம். விளையாட்டு கப்பலை ஒரு படமாகத்தான் சேமிக்கிறது, மொத்த வடிவமைப்பும் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், உள்ளே இருக்கும் கப்பல் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.