பொதியைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரை மறுத்தோம்: பிறருக்குப் பணிசெய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்த நாட்களில், நத்தாருக்கென்று சேர்த்திருந்த காசில் உலர் உணவுப் பொதிகளைக் கட்டிக்கொண்டு எங்கள் சபையைச் சேர்ந்த சிலர் வீடு வீடாகப் போனோம். சேறு காயாத ஒரு முற்றத்தில், பொதியை வாங்கி உள்ளே வைத்த அம்மா, அயல்வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகளைத் தூக்கிவந்து போட்டுவிட்டு, மகனை இளநீர் வெட்டச் சொன்னார். இன்னும் 40 வீடு கிடக்கிறது, நேரமில்லை என்று சொல்லி நாங்கள் படலையைத் தாண்டிவிட்டோம். சில மாதங்கள் கழித்து வேறொரு காரியமாக அந்த வழியால் போனபோது, அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்: "அண்டைக்கு எங்கட வீட்டுத் தண்ணி உங்கட வாய்க்குப் படேல்லை, என்ன தம்பி?"

எங்களுக்கு அது நேரக் கணக்கு. அவருக்கு அது வேறு கணக்கு. இன்னார் வீட்டில் வாய் நனைக்கலாம், இன்னார் வீட்டில் நனைக்கக் கூடாது என்ற ஒழுங்கை வைத்தே தலைமுறை தலைமுறையாகச் சாதி பார்த்துவந்த சமூகம் நம்முடையது. ஒரு வீட்டில் தண்ணீரை மறுத்தால் அதற்கு என்ன பொருள் என்பதை இங்கே எவரும் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. சீகார் ஊர்க் கிணற்றடியில் சமாரியப் பெண்ணைச் சந்தித்த இயேசு, யூதர்கள் சமாரியரோடு புழங்காத அந்தக் காலத்தில், போதனையோடு பேச்சைத் தொடங்கவில்லை. "தாகத்துக்குத் தா" என்று கேட்டுத் தொடங்கினார் (யோவான் 4). கொடுக்க வந்தவர் முதலில் வாங்குகிறவராக அவள் முன் இருந்தார். சபைகளின் சேவையில் நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை, நான் செய்தவையும் உட்பட, இந்த ஒரு பாடத்தைத் தவறவிட்டதால் வந்தவை: நம்முடைய கை எப்போதும் மேற்கையாகவே இருக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோம்.

கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அடங்கிய இந்த வன்னியில் இந்தத் தவறு மற்ற இடங்களைவிட ஆழமாகக் குத்தும். 1995 ஐப்பசி இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்துச் சனம் கிளாலி நீரேரியைக் கடந்து வந்தபோது, தங்கள் வளவுகளில் கொட்டில் போட இடம் விட்டவர்கள் இந்த மண்ணின் கமக்காரர்கள். வந்தாரை வாழவைக்கும் வன்னி என்ற சொல் சும்மா வந்ததல்ல. அதே மண்ணின் மக்கள் 2004 மார்கழி 26 ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரண வரிசையில் நின்றார்கள். 2009 இல் போர் முடிந்தபோது செட்டிகுளத்து மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தண்ணீருக்கும் சோற்றுக்கும் வரிசையில் நின்றார்கள். 2012 புரட்டாதியில் கடைசிக் குடும்பங்கள் வெளியேறும்வரை அந்த வரிசை முடியவில்லை. ஆகவே ஒரு பொதியை நீட்டும்போது நாம் வெறும் அரிசியையும் பருப்பையும் நீட்டுவதில்லை. கொடுத்துப் பழகிய ஒருவரை மறுபடியும் வரிசையில் நிறுத்துகிறோமா, இல்லையா என்பது நாம் முற்றத்தில் நிற்கும் விதத்தில் தெரிந்துவிடும்.

ஊழியம் என்ற சொல்லை மேடைக்கு ஏற்றிவிட்டது

அப்போஸ்தலர் 6 ஆம் அதிகாரத்தில், விதவைகளுக்கு அன்றாடம் உணவு பகிர்வதற்கும், தேவவசனத்தைப் போதிப்பதற்கும் கிரேக்க மூலம் 'தியாக்கோனியா' என்ற ஒரே சொல்லையே கையாளுகிறது. பந்தியில் பரிமாறுகிறவன் செய்யும் வேலைதான் அந்தச் சொல்லின் வேர்ப்பொருள். நாம் வாசித்து வளர்ந்த பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் முதலாவதற்கு 'விசாரணை' என்றும் இரண்டாவதற்கு 'ஊழியம்' என்றும் இரண்டு சொற்கள் வந்தன. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல வரவில்லை. பந்தி விசாரித்தல் நல்ல தமிழ்தான். இருந்தாலும் நம்முடைய சபைகளில் இன்று 'ஊழியர்' என்றால் ஒலிவாங்கி பிடிப்பவர் என்றாகி, கிடாரம் கழுவுகிறவருக்குப் பெயரே இல்லாமல் போயிருக்கிறது.

கூட்டம் நடக்கும் நாட்களில் சமையற்கொட்டிலுக்குள் எட்டிப் பாருங்கள். அதே 4 பெண்கள் விடியற்காலை 3 மணிக்கு அடுப்பு மூட்டியிருப்பார்கள். செய்தி முடிந்து ஆசீர்வாதம் கூறப்படும் வேளையில் அவர்கள் சோற்றைக் கொட்டிப் பரப்பிக்கொண்டிருப்பார்கள். இயேசுவின் காலடியில் இருந்து கேட்ட மரியாளைப் போல இரு, பணிவிடையில் ஓடித் திரிந்த மார்த்தாளைப் போல அலையாதே என்று அவர்களுக்கே பிரசங்கமும் செய்கிறோம். மார்த்தாள் இல்லாமல் மத்தியானம் யார் சாப்பிடுவது என்று ஒரு பெரியம்மா கேட்டதற்கு எங்கள் சபையில் எவரிடமும் பதில் இருக்கவில்லை. சுழற்சி முறையில் ஆண்களும் சமையலுக்கு இறங்கினால் அந்தக் கேள்விக்குப் பாதிப் பதிலாவது கிடைக்கும். தம் சீஷருடைய கால்களைக் கழுவியவர் அந்த வேலையைச் செய்ய வீட்டு வேலைக்காரரை அழைக்கவில்லை.

பெயர்ப்பட்டியல் யாருடைய கையில்

அப்போஸ்தலர் 6 ஆம் அதிகாரத்தில் இன்னொரு விடயம் இருக்கிறது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் பகிர்வில் விடுபட்டுப் போகிறார்கள் என்ற முறைப்பாடு எழுந்தபோது, அப்போஸ்தலர்கள் அதை முறுமுறுப்பு என்று அடக்கிவிடவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையிடம் விட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு என்று தொடங்கும் அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களின் பக்கத்திலிருந்தே பகிர்கிறவர்கள் வந்தார்கள் என்று எண்ண இடமுண்டு.

நம்முடைய பட்டியல்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1958 இலும் 1977 இலும் இனக்கலவரங்களால் துரத்தப்பட்டு வன்னியில் குடியேறிய மலையகக் குடும்பங்கள், இரண்டு மூன்று தலைமுறை கடந்தும், பல இடங்களில் காணி உறுதி இல்லாமல், கூலி வேலையை நம்பி, குளத்து நீர் எட்டாத மேட்டு நிலங்களில் வாழ்கிறார்கள். சபையின் உதவிப் பட்டியலை எழுதுகிறவர் பிரதான வீதியோரத்தில் இருந்தால் அந்த ஒழுங்கைகள் அவருடைய நினைவுக்கு வருவதில்லை. வேண்டுமென்று விடுவதில்லை, நினைவுக்கு வருவதில்லை, அவ்வளவுதான். பட்டியலைத் திருத்துவதைவிட, பட்டியல் எழுதும் இருவரில் ஒருவரை அந்த ஒழுங்கையிலிருந்து எடுப்பது சுலபமான வழி. சபைச் செயலாளரின் உறவினர் பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதும் தவறில்லை.

கேளாமல் கொடுப்பது

பர்திமேயு குருடன் என்பது எரிகோ வீதியில் நின்ற எல்லாருக்கும் தெரியும். இயேசுவோ, நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனிடமே கேட்டார். நாங்கள் ஒருமுறை பங்குனி மாதத்தில், பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, 10 கிலோ அரிசிப் பைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு வீட்டில் விறாந்தையில் அடுக்கியிருந்த நெல் மூடைகளுக்குப் பக்கத்தில் அந்தப் பையை வைத்துவிட்டு வந்ததை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது அரிசியல்ல. நெல்லை அடிமாட்டு விலைக்கு விற்காமல் இரண்டு மாதம் வைத்திருப்பதற்கான கைக்காசு. புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் காசில் வாங்கிக் கொடுக்கப்படும் தையல் இயந்திரங்களுக்கும் இதே கதைதான்: ஒரே ஒழுங்கையில் ஏழெட்டு இயந்திரங்கள் இருந்தால் தைக்கக் கொடுப்பதற்கு ஆள் எங்கே? பொருட்களை யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் ஏற்றிவருவதும் யோசிக்க வேண்டியது. அதே கிராமத்துக் கடையில் வாங்கினால் கடைக்காரிக்கும் ஒரு நாள் வியாபாரம் நடக்கும்.

கடனில் தவிக்கும் குடும்பத்துக்கு உதவப் போகிறவர்கள் உபாகமம் 24 ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டுப் போவது நல்லது. கடன் கொடுத்தவன் அடகை எடுப்பதற்குக் கடன்பட்டவனின் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும், கடன்பட்டவனே அதை வெளியே கொண்டுவந்து கொடுப்பான் என்கிறது அந்தச் சட்டம். போருக்குப் பின் நுண்கடன் நிறுவனங்கள் இந்தக் கிராமங்களில் நுழைந்து, கிழமைக்குக் கிழமை தவணை கேட்டுப் பெண்களின் வாசலில் குந்தியிருந்ததைக் கண்டவர்களுக்கு, 'வெளியே நில்' என்ற அந்தக் கட்டளையின் அருமை புரியும். உதவி செய்கிறவருக்கும் அது பொருந்தும். சமையலறைப் பானையைத் திறந்து பார்த்து வறுமையை உறுதிசெய்யும் உரிமை எவருக்கும் கிடையாது.

படமும் கணக்கும்

பொதியின் ஒரு பக்கத்தில் நான்கு கைகள், மறு பக்கத்தில் இரண்டு கைகள், பின்னால் பதாகை, "அம்மா, இஞ்ச பாருங்கோ" என்ற குரல். இந்தப் படத்தை எடுக்காத அணி அரிது. வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்ற வசனத்தை எல்லாரும் அறிவோம். அனுப்பியவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா என்று கேட்பார்கள். காட்டத்தான் வேண்டும். எருசலேமுக்கான தர்மப் பணத்தைக் கொண்டுபோனபோது பவுல், எவரும் குற்றம் சாட்டாதபடிக்கு, சபைகள் நியமித்தவர்களைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). கடைப் பற்றுச்சீட்டு, பொருட்களின் தொகை, இருவருடைய கையொப்பம், சபை முன்னிலையில் வாசிக்கப்படும் வரவு செலவு: கணக்கு என்பது இவைதான். வாங்கியவரின் முகம் கணக்கில் சேராது. வகுப்பில் கூடப் படிக்கும் பிள்ளையின் கைத்தொலைபேசியில் தன் தாயின் படத்தைக் காணும் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையை நினைத்துக்கொண்டால் போதும், கமராவை எடுக்கத் தோன்றாது.

இன்னொரு தவறும் இதற்கு உறவுதான்: உதவியோடு அழைப்பிதழைக் கட்டிக் கொடுப்பது. வன்னியில் பெரும்பாலானோர் சைவர்கள். பொதி வாங்கிய வீட்டார் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தார்களா என்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வரத் தொடங்கியவர்களைச் சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்று ஊர் பழிக்கும்போது, அந்தப் பழியில் பாதி நம்முடையது. இயேசுவால் சுகமாக்கப்பட்ட பத்துக் குஷ்டரோகிகளில் ஒன்பது பேர் நன்றி சொல்லத் திரும்பி வரவில்லை. அவர்களுடைய சுகம் பறிக்கப்படவும் இல்லை. 1990 களில் மடுத் தேவாலய வளாகம் இடம்பெயர்ந்த ஆயிரக்கணக்கானோருக்கு நிழல் கொடுத்தது; அதன் திருவிழாவுக்குச் சைவர்களும் போய்வருவது எல்லாரும் அறிந்ததே. விசுவாசத்தைக் குறித்துக் கேட்பவருக்குச் சொல்லலாம், சொல்ல வேண்டும். பொதி கையில் இருக்கும் அந்த நிமிடத்தில் வேண்டாம்.

துக்கத்தின் முன் வாய் திறப்பது

பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு இரவும் ஏழு பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பேசத் தொடங்கியபோதே பிழைத்தது. 2017 மாசி 20 ஆம் திகதி முதல், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் போராட்டம் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட தாய் ஒருவரிடம் போய், எல்லாம் கர்த்தருடைய சித்தம் என்பதும், மகனுடைய ஆத்துமாவுக்காக ஜெபிப்போம் என்பதும், அவர் ஏற்றுக்கொள்ளாத ஒரு மரணத்தை அவர்மேல் திணிப்பதாகும். சாட்சி சொல்ல மேடைக்கு அழைப்பது அதைவிட மோசம். அவர் பேசினால் கேட்கலாம். பேசாவிட்டால் கூட இருந்து முருங்கைக்காயை நறுக்கிக் கொடுத்துவிட்டு வரலாம்.

சொந்த வீட்டைக் கைவிட்டுவிட்டு ஊருக்கு உழைப்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது கடுமையானது, பிள்ளைகள் அதைவிடக் கடுமையாகச் சொல்வார்கள். முப்பது வருடம் மற்றவர்களுக்கு ஓடித் திரிந்தவர்கள், தாங்கள் படுக்கையில் விழுந்தபோது எவரையும் கிட்ட விடாமல் முரண்டு பிடிப்பதையும் கண்டிருக்கிறேன். இயேசு கழுவ வந்தபோது பேதுருவும் முதலில் தன் காலைக் கொடுக்க மறுத்தவர்தான்.

நிறைவேற்ற முடியாததைச் சொல்வதும், திரும்பி வரும் எண்ணமில்லாமல் விபரம் எழுதுவதும் வன்னியில் எல்லாரும் செய்துவிட்டுப் போன தவறுகள். கையில் உதவி இல்லாத நாளில் படிவத்தை எடுத்துச் செல்லக் கூடாது என்பதை எங்கள் குழுவில் இப்போது ஒழுங்காக வைத்திருக்கிறோம். போன வருடம் ஒரு வீட்டுக்குச் சும்மா பார்த்துவரப் போனோம். எங்களைக் கண்டவுடன் அந்த அம்மா உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்தார். குடும்ப அட்டை, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம் எல்லாவற்றின் போட்டோப் பிரதிகளும் இரண்டிரண்டாக அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. எழுதுவதற்கு ஒன்றும் இல்லை அம்மா, சும்மாதான் வந்தோம் என்று கூட வந்த தம்பி சொன்னான். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பையை மறுபடியும் நாலாக மடித்துத் தட்டியில் செருகினார். "அப்ப இருங்கோ, தேத்தண்ணி வைக்கிறன்," என்று சொல்லிவிட்டுச் சுள்ளி எடுக்கப் போனார்.