பாட்டம் சர்ஜரி: திருநம்பிகள் முதலில் முடிவு செய்ய வேண்டியது

பாட்டம் சர்ஜரி என்பது ஆணுறுப்பு அமைக்கும் அறுவை சிகிச்சை. அதில் எந்த முறை என்று யோசிக்கும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: நின்றுகொண்டு சிறுநீர் கழிக்க வேண்டுமா? வேண்டுமென்றால் சிறுநீர்க்குழாயை நீட்ட வேண்டும். பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி அந்தக் குழாயில்தான். வேண்டாமென்றால் எந்த முறையானாலும் சிக்கல் வெகுவாகக் குறையும். வெட்கப்பட்டு இதைப் பேசாமல் விடுகிறவர்கள் அதிகம்.

மெட்டாய்டியோபிளாஸ்டியில், டெஸ்டோஸ்டிரோன் எனும் ஆண் ஹார்மோனால் வளர்ந்த கிளிட்டோரிஸை, அதாவது பெண்ணுறுப்பின் உணர்ச்சி மொட்டைப் பிடித்திருக்கும் தசைநார்களை விடுவித்து முன்னே கொண்டுவருவார்கள். ஹார்மோன் ஓராண்டாவது எடுத்திருந்தால்தான் போதிய வளர்ச்சி இருக்கும். கிடைக்கும் நீளம் பெரும்பாலும் 4 முதல் 6 செ.மீ. உணர்ச்சி அப்படியே இருக்கும், தானாக விறைக்கும். உள்ளே செலுத்தி உறவுகொள்வது பலருக்கு முடியாது. குழாயை நீட்டக் கன்னத்தின் உட்தோலை எடுப்பார்கள். பின்னாளில் ஃபாலோபிளாஸ்டிக்கு (உடலின் வேறிடத்துச் சதையால் ஆணுறுப்பு உருவாக்குவது) மாறவும் வழி உண்டு.

ஃபாலோபிளாஸ்டிக்கு முன்கை, தொடை, முதுகு ஆகிய இடங்களிலிருந்து சதை எடுப்பார்கள். முன்கைத் தோல் மெல்லியது, நரம்பும் நல்லது. அதனால் குழாயையும் அதிலேயே உருட்டிச் செய்துவிடலாம். விலையாக முழங்கை வரை தெரியும் தழும்பு. தொடையில் கொழுப்பு அதிகமிருந்தால் உறுப்பு தடித்துவிடும்.

முன்கை என்றால், எழுதாத கையைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆலன் டெஸ்ட் செய்ய வேண்டும்: மணிக்கட்டின் இரு தமனிகளையும் அழுத்தி, கையை மூடித் திறந்து, சுண்டுவிரல் பக்கத்தை மட்டும் விட்டால், உள்ளங்கை சில நொடிகளில் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் அந்தக் கையைத் தொடக் கூடாது. சதையை எடுத்தபின் கைக்கு ரத்தம் தருவது அந்த ஒரு தமனிதான். தேர்ந்தெடுத்த கையில் ஊசி, டிரிப் போட விடாதீர்கள்.

ரோம நீக்கத்தைக் கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள். உள்ளே குழாயாகப் போகும் தோலில் ரோமம் மிஞ்சினால் அதில் கல் படியும், தொற்று வரும். பிறகு எடுப்பது பெரும்பாடு. சர்ஜன் குறித்துக் கொடுத்த பகுதியில் லேசரோ எலக்ட்ரோலிசிஸோ (ரோம வேரை மின்சாரத்தால் அழிப்பது), ஓராண்டுக்கு முன்பே தொடங்குங்கள். புகையை அறவே விடுங்கள். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், ஒட்டிய சதை செத்துப்போகலாம்.

அறுவைக்குப் பின் முதல் மூன்று நாள்தான் கண்டம். சதை வெளிறிக் குளிர்ந்தால் ரத்தம் வரவில்லை. நீலம்பாரித்து வீங்கினால் வெளியேறவில்லை. இரண்டுக்கும் உடனே மீண்டும் ஆபரேஷன் தியேட்டர்தான்.

கதீட்டர் (சிறுநீர் வடிக்க வைத்த குழாய்) எடுத்தபின் வேறு இடத்தில் சிறுநீர் கசிந்தால் அது ஃபிஸ்டுலா, அதாவது குழாயில் விழுந்த துளை. சிறியவை சில மாதங்களில் தானே மூடலாம். தாரை மெலிந்து, முக்கிக் கழிக்க வேண்டியிருந்தால் குழாய் சுருங்குகிறது, உடனே காட்டுங்கள். யோனியை மூடாமல் குழாயை மட்டும் நீட்டினால் ஃபிஸ்டுலா வாய்ப்பு கூடும்.

விறைப்புக்கான கம்பியோ பம்போ வைப்பது கடைசிக் கட்டம். உணர்ச்சி திரும்ப 9 முதல் 12 மாதம் வரை காத்திருங்கள். உணர்வில்லாத சதையை உள்ளிருக்கும் கருவி அரித்தாலும் தெரியாது.

கர்ப்பப்பையையும் இரு சூலகங்களையும் எடுப்பதாக இருந்தால் கருமுட்டை சேமிப்பைப் பற்றி அதற்கு முன்பே கேளுங்கள். எடுத்தபின் டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தினால் எலும்பு தேயும்.