150-லிருந்து 200 ஹெச்பி: முதலில் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்

ஸ்பீட்போட்டில் 150 ஹெச்பி அவுட்போர்டு மோட்டாரைக் கழற்றி 200 மாட்டினால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடாது. பெரும்பாலும் 15 சதவீதம்தான். மணிக்கு 50 மைல் ஓடிய படகு 57, 58 தொடும். அதற்கு இத்தனை செலவா என்பது உங்கள் கணக்கு.

படகிலுள்ள திறன் தகட்டில் எழுதிய உச்ச ஹெச்பியைத் தாண்ட வேண்டாம்.

அடுத்தது டிரான்சம், அதாவது மோட்டார் மாட்டும் பின்பலகை. சிறு சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்பொத்தென்றால் உள்ளே பிளைவுட் ஊறியிருக்கிறது. சந்தேகமிருந்தால் உள்பக்கம் அடியோரத்தில், மறுபக்கம் வராமல், 6 மி.மீ. துளை போடுங்கள். கருத்த ஈரத்தூள் வந்தால் மோட்டாரை மறந்துவிட்டு மரத்தை மாற்றுங்கள். உலர்ந்த தூள் என்றால் எபாக்ஸியால் அடைத்துவிடலாம். பழைய போல்ட் துளைகளிலும் இதே கவனம் தேவை. தண்ணீர் நுழைவது பெரும்பாலும் அங்கேதான்.

கேபிள் ஸ்டியரிங் இருந்தால் ஹைட்ராலிக்காக மாற்றுங்கள். கேபிளில் இருக்கும் சிறு தொய்வே வேகத்தில் படகைப் பக்கவாட்டில் ஆடவைக்கும்.

புரொப்பெல்லரில்தான் பலர் சறுக்குகிறார்கள். பழையதையே மாட்டி முழு த்ராட்டிலில் ஓட்டினால் மோட்டார் அதன் வரம்பைத் தாண்டிச் சுற்றும். வரம்பு 5,500–6,000 ஆர்பிஎம் என்றால், வழக்கமான சுமையோடு மேல் பாதியில் நிற்க வேண்டும். பிட்ச், அதாவது புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், ஒரு அங்குலம் கூட்டினால் சுமார் 150–200 ஆர்பிஎம் குறையும். மோட்டாரை டிரான்சமில் உயர்த்தி மாட்டினால் தண்ணீர் அழுத்த மீட்டரைப் பாருங்கள். முள் சரிந்தால் ஒரு போல்ட் துளை கீழே இறக்குங்கள்.